பூவை விட்டுப் பறக்காத ஜோடி

வரப்புத் துவரை பூக்கிற சமயம் பூச்சிக் கணக்கெடுக்கப் போனால், கொப்புள வண்டை எண்ணுவதோடு எத்தனை ஜோடி என்றும் தனியாகக் குறிப்பது நல்லது. கறுப்பு முதுகில் ஆரஞ்சுப் பட்டை, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கண்ணுக்குத் தப்பாது.

இந்தக் குடும்பத்தில் ஆண் வண்டு உணர்கொம்பால் பெண்ணைத் தடவிப் பார்த்து முதுகில் ஏறும். இணைந்த பிறகு திரும்பிக்கொள்ளும். வாலோடு வால் ஒட்டி மணிக்கணக்கில் கிடக்கும். பெண் பாட்டுக்குப் பூவைத் தின்றுகொண்டே நகரும், ஆண் பின்னால் இழுபடும். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் அங்கே விந்தோடு விஷமும் கைமாறுகிறது. கான்தரிடின் என்னும் அந்த விஷத்தைத் தயாரிப்பது ஆண்தான். அந்தச் சீரை வாங்கிய பெண், மண்ணில் இடும் முட்டைகளுக்கு அதையே பூசிக் காவல் வைக்கிறது.

பிடிப்பதற்கு விடியற்காலைதான் சரி. பனி ஈரத்தில் வண்டு மந்தமாக இருக்கும்; ஒட்டிய ஜோடியால் சட்டென்று பறக்கவும் முடியாது. வாயகன்ற டப்பாவில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றி, பூங்கொத்துக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் விழுந்துவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வீண் அலைச்சல். பூவில் மருந்தடிப்பதும் அப்படித்தான்: இன்றைக்கு அடித்தால் நாளைக்குப் புதுப் பூவுக்குப் புது வண்டு வரும், தேனீதான் மிச்சமில்லாமல் போகும்.

வண்டு கழுத்தில் ஊர்ந்தால் அடிக்கக் கூடாது, ஊதித் தள்ள வேண்டும். நசுங்கினால் அப்போது வலி தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் எழும்பும். உடனே சோப்புப் போட்டுக் கழுவணும். பலர் தேங்காய் எண்ணெயைத் தேடி ஓடுவார்கள். கான்தரிடின் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும், தடவத் தடவப் பரவும். செத்துக் காய்ந்த வண்டிலும் விஷம் அப்படியே இருக்கும். வரப்புப் புல்லை உதறிவிட்டே மாட்டுக்குப் போட வேண்டும்.

இந்த வண்டின் புழு தின்பது மண்ணுக்குள் இருக்கும் வெட்டுக்கிளி முட்டையை. முதல் பருவத்தில் நீண்ட காலோடு ஓடித் தேடும்; கிடைத்ததும் தோலுரித்துக் கொழுத்த புழுவாகிவிடும். வரப்பைச் செதுக்கினால் வெட்டுக்கிளி முட்டை வெயிலில் காயும், இதற்கும் சோறு போகும். வெட்டுக்கிளி முட்டையைத் தின்பதால், பூச்சேதம் குறைவான வயலில் இந்த வண்டை விட்டுவிடுவதே மேல் என்பது எங்கள் கட்சி.

மார்கழிக் கோலத்துக்குப் பறங்கிப்பூ பறிக்கிறவர்கள் மட்டும் பூவுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கை வைக்கட்டும்.