பால் கணக்கு ஆப் எழுதிக் கற்றது

செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் (ஆப் எழுதுபவர்களுக்கான மறைந்திருக்கும் அமைப்புகள்) திறக்கும் என்று தம்பி காட்டினான். அங்கே அனிமேஷன் ஸ்கேல்களை 0.5 ஆகக் குறைத்ததும் என் பழைய ஃபோன் பறப்பதுபோல் இருந்தது. உண்மையில் வேகம் கூடவில்லை. திரை மாறும் அசைவுக்கான நேரம்தான் பாதியானது. ஏன் என்று தேடப்போய்த்தான் ஆப் எழுதும் ஆசை வந்தது.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அதில் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். அதனால் எம்ஐடி ஆப் இன்வென்டரில் தொடங்கினேன். 2010-ல் கூகுள் ஆரம்பித்து, பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடிக்குப் போனது. பிரவுசரிலேயே கட்டைகளைக் கோர்ப்பதுபோல் நிரல் எழுதலாம். ஃபோனில் அதன் கம்பேனியன் ஆப்பைப் போட்டு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், செய்யும் மாற்றம் உடனே ஃபோனில் தெரியும்.

கால்குலேட்டர் செய்யச் சொல்லும் பாடங்களை விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே ஃபோனில் இருக்கிறது. நான் அம்மாவுக்குப் பால் கணக்கு ஆப் செய்தேன். பாக்கெட் வாங்கினால் ஒரு பொத்தான், மாதக் கடைசியில் மொத்தம். மறுநாள் திறந்தால் பூஜ்யம்! எண்ணிக்கையை, ஆப் ஓடும்வரை மட்டுமே நிற்கும் வேரியபிளில் மட்டும் வைத்திருந்தேன். ஃபோனிலேயே தரவை வைத்திருக்கும் டைனிடிபி என்ற பகுதியில் சேமிக்க வேண்டும் என்பதே அன்றுதான் புரிந்தது.

அப்புறம் நண்பனின் லேப்டாப்பில் அதையே கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதினேன். லேப்டாப்பிலிருந்து ஆப்பை ஏற்றிச் சோதிக்க உதவும் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தும் ஃபோனை லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்தபின் தெரிந்தது, கேபிள் சார்ஜுக்கு மட்டுமானது. அதைவிடக் குழப்பியது, ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பினால் எண் காணாமல் போனது. திரை திரும்பும்போது ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்த ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் திரையை, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். எண்ணை வியூமாடலில் (திரைக்கு வெளியே தரவை வைத்திருக்கும் பகுதி) வைத்தால் அதைத் தாங்கும், ஆப்பை மூடினால் போய்விடும். நாள்கணக்கில் நிற்க, ரூம் மாதிரி ஒரு லைப்ரரி வழியாக ஃபோனிலேயே சேமிக்கும் டேட்டாபேஸ் வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்று ஒன்று உண்டு, நாம் விட்டு வெளியேறியதும் திரையை அழித்துவிடும். அதை ஆன் செய்து சோதித்தால் இப்படிப்பட்ட ஓட்டைகள் சீக்கிரம் அகப்படும். சோதித்ததும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஆப்களும் படுத்தும்.

பிளே ஸ்டோரில் போட 25 டாலர் கட்ட வேண்டும், ஒருமுறைதான். எனக்கு அவசியப்படவில்லை, ஆப்பை நிறுவப் பயன்படும் ஏபிகே ஃபைலை நேராக அம்மா ஃபோனில் ஏற்றிவிட்டேன். அவர் ஆப்பிலும் குறிக்கிறார், சுவர்க் காலண்டரிலும் குறிக்கிறார்.