மேடை விளக்குகளுக்கு எந்தப் பிளக்?

காவிரிப் படுகையில் மேடை விளக்கு வேலை செய்கிறவர்களுக்கு நிரந்தர அரங்கம் அரிதாகவே வாய்க்கிறது. மெலட்டூரில் இரவு நெடுக நடக்கும் பாகவத மேள நாட்டிய நாடகம், திருவையாற்றில் ஆற்றங்கரைப் பந்தல், சிவராத்திரியை ஒட்டிக் கோயில்களில் போடப்படும் நாட்டியாஞ்சலி மேடை, அறுவடை முடிந்த வயலில் எழும் நாடகக் கொட்டகை என்று ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் வேறு யாரோ பொருத்திய சாக்கெட்டிலிருந்துதான் நமக்கு வருகிறது. எனவே பிளக் தேர்வை ஆம்பியர் கணக்கோடு முடித்துக்கொள்ள முடியாது. அது தரையில் எங்கே கிடக்கும், யார் காலில் இடறும், எதில் நனையும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கையே பார்த்துவிடலாம். பார் 64 என்னும் பழைய வகை மேடை விளக்கில் 1000 வாட் பல்பு இருக்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். மூன்று விளக்குகளை ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் கொடுக்கலாம்; நான்காவதைச் சேர்த்தால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். இன்றைய எல்இடி பார் விளக்கு ஒன்று 150 வாட் என்று வைத்துக்கொண்டால், பத்து விளக்குகளுக்கே 6.5 ஆம்பியர்தான் ஆகிறது. ஆகவே சிறிய நாடகக் குழுக்களுக்கு இப்போது மின்னோட்டத்தின் அளவு பெரிய சிக்கல் அன்று. பிளக் கழன்று விழுவதும், தளர்ந்து சூடேறுவதும், ஈரம் உள்ளே போவதுமே உண்மையான சிக்கல்கள் என்பது என் எண்ணம்.

நம் வீடுகளில் உள்ள உருண்டைப் பின் பிளக்கை இளப்பமாகப் பேசுவது சிலருக்கு வழக்கம். ஆனால் அதன் 16 ஆம்பியர் வகை பிரிட்டனின் பழைய 15 ஆம்பியர் பிளக்கின் வழிவந்தது. அந்த 15 ஆம்பியர் பிளக்கைப் பிரிட்டன் நாடக அரங்குகள் இன்றும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இணைப்புகளுக்குப் பயன்படுத்துகின்றன. அங்குள்ள வீடுகளுக்கு 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக் வந்துவிட்ட போதிலும், அதற்குள் பியூஸ் இருப்பதால், உயரத்தில் தொங்கும் விளக்கின் பிளக்கில் பியூஸ் போனால் ஏணி போட்டு ஏற வேண்டுமே என்பதற்காக அரங்கக்காரர்கள் பழையதையே விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆகவே குறை பிளக்கின் வடிவத்தில் இல்லை. எல்லா வகைப் பின்னையும் ஏற்றுக்கொள்ளும் "யுனிவர்சல்" சாக்கெட்டிலும், பிடிமானம் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும்தான் இருக்கிறது. தளர்ந்த இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்றாலும், 16 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும்; ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். ஒயரின் நுனியைச் சீவி, தீக்குச்சியை வைத்துச் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விநியோகப் பெட்டியிலிருந்து மேடை வரை செல்லும் ஒயர்களுக்கு நான் பரிந்துரைப்பது, கடைகளில் இண்டஸ்ட்ரியல் பிளக் என்று கேட்டால் கிடைக்கும் ஐஇசி 60309 வகையைத்தான். நீல நிறம் ஒற்றை பேஸுக்கு, சிவப்பு நிறம் மூன்று பேஸுக்கு. 16, 32, 63, 125 ஆம்பியர் அளவுகளில் வருகிறது. ஓர் அளவின் பிளக் மற்றோர் அளவின் சாக்கெட்டில் ஏறாது. எர்த் பின்னின் இடம் வோல்ட்டேஜைப் பொறுத்து மாறுவதால் நீலத்தைச் சிவப்பில் திணிக்கவும் முடியாது. அவசரத்தில், இருட்டில், கண்ணால் பார்க்காமலேயே செருகுகிற நமக்கு இது பெரிய காவல். இவற்றிலேயே ஐபி 44 வகை (ஐபி என்பது தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் திறனின் குறியீடு) நீர்த்தெறிப்பைத் தாங்கும். ஐபி 67 வகை சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். மார்கழிப் பனியில் விடியும்வரை வயல் தரையில் கிடக்கும் இணைப்புக்கு ஐபி 44 போதும் என்றாலும், அதைச் செங்கல்லின் மேல் உயர்த்தி வைப்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களுக்கு ஐபி 67 வாங்கிய பணம் வீண்போகாது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கட் ஆனால், சுமை குறைந்த பேஸில் உள்ள விளக்குகளுக்கு 230-ஐ விட மிகுந்த வோல்ட்டேஜ் போய்விடும் என்பதால், சிவப்புப் பிளக்கின் நியூட்ரல் திருகை மற்றவற்றைவிடக் கவனமாக முடுக்க வேண்டும்.

விளக்குகளுக்கு இடையிலான இணைப்புக்கு நியூட்ரிக் நிறுவனத்தின் பவர்கான் என்னும் இணைப்பான் பரவலாகிவிட்டது. உள்ளே வரும் மின்சாரத்துக்கு நீலம், வெளியே செல்வதற்குச் சாம்பல். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தா. செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 20 ஆம்பியர் தாங்கும் இந்த மாதிரியை மின்சாரம் ஓடும்போது கழற்றக் கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பின் வந்த ட்ரூ1 என்னும் 16 ஆம்பியர் மாதிரி சுமையோடு கழற்றுவதற்கும் ஏற்றது. பொருத்திய நிலையில் ஈரத்தையும் தாங்கும். பழைய பவர்கானும் ட்ரூ1-உம் ஒன்றோடொன்று சேரா. புதிதாக விளக்கு வாங்குகிற குழுக்கள் கலந்து வாங்காமல் இரண்டில் ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. வெளிமேடை மிகுந்த நம் பகுதிக்கு நான் ட்ரூ1 பக்கம்தான் சாய்வேன். விலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை.

ஜெனரேட்டர் இணைப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒரு விதி உண்டு. மின்சாரம் வரும் பக்கம் எப்போதும் சாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரிலிருந்து மண்டபத்துச் சுவர் சாக்கெட்டுக்குக் கொடுப்பது சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஒரு முனை கழன்றால் திறந்து கிடக்கும் பின்களில் 230 வோல்ட் நிற்கும். மண்டபங்கள் சிலவற்றில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இருப்பதில்லை என்பதையும் பார்க்கிறேன். மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அங்கேயும் வேலை செய்யும். ஆனால் உலோக உடம்பில் கசிவு இருந்தால், ஆள் தொட்ட பிறகுதான் அந்த ஆர்சிசிபி துண்டிக்கும். எர்த் கம்பி அடிக்கச் சொல்லிக் கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் டிஎம்எக்ஸ் ஒயருக்கு விதிப்படி எக்ஸ்எல்ஆர் என்னும் வட்ட இணைப்பானின் ஐந்து பின் வகைதான். மலிவான விளக்குகளில் மூன்று பின் வருவதால் மைக் ஒயரும் அதுவும் கலந்துபோகின்றன. வேறு நிற டேப் சுற்றிவைத்தால் போதும்.

பிளக்கின் உள்வேலையும் தேர்வில் சேர்ந்ததே. ஒயரின் மேலுறை பிடிப்பானுக்குள் வரை போகவேண்டும். இழுக்கும் விசை திருகுகளின் மேல் விழக் கூடாது. நுனியில் ஈயம் பூசித் திருகினால், அந்த ஈயம் அழுத்தத்தில் மெல்ல நழுவி இணைப்பு தளரும்; ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழாயை நுனியில் போட்டு அழுத்துவதே சரி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றில் பித்தளைப் பின்கள் விரைவில் பச்சை பூக்கும் என்பதால், கடற்கரை ஊர்களுக்குச் செல்பவர்கள் மூடியுள்ள பிளக்குகளையும் நிக்கல் பூசிய பின்களையும் கேட்டு வாங்கலாம்.