வெள்ளவத்தையில் பட்டி பார்த்த கதை

திருநெல்வேலியிலிருந்து வேலை மாற்றலாகிக் கொழும்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வெள்ளவத்தையில் கடலுக்கு ஒரு தெரு தள்ளி வாடகை வீடு. ஹால் பெரிது, உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் அறை இல்லை. ஒரு தடுப்பு போட்டுக்கொள்ளலாமா என்று மாடியில் இருக்கும் வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். "ஜிப்சம் போட் அடியுங்கோ தம்பி, போகேக்க கழட்டிப்போட்டுப் போங்கோ" என்றார்.

போர்டு அடிக்க வந்த பாஸ் ஹட்டன் பக்கத்துக்காரர். (இங்கே கொத்தனாரும் பாஸ்தான், ஆசாரியும் பாஸ்தான். வந்த புதிதில் யாரோ மேலதிகாரியைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.) அவருடைய மலையகத் தமிழ் எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே காதில் விழும். அன்ரியின் யாழ்ப்பாணத் தமிழ் விளங்கத்தான் எனக்கு இன்னும் ஒரு நொடி கூடுதலாக ஆகிறது. பாஸ் ஒரே நாளில் சட்டம் கட்டி, போர்டு அடித்து, "ஜாயிண்ட் வேலைக்கு அடுத்த வாரம் வாரேன்" என்று போய்விட்டார். போர்டுகள் சேருமிடத்தில் காகிதப் பட்டை ஒட்டிப் பூச எதற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று நானே இறங்கினேன்.

100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து பழைய சோனகத் தெரு. தெரு முழுக்க ஹார்ட்வேர் கடைகள். "உப்புத்தாள் இருக்கா?" என்றதும் கடைப் பையன் விழித்தான். சுவரில் கையைத் தேய்த்துக் காட்டிய பிறகு சிரித்தபடி எடுத்து வந்தான். ஒரு வாளி பட்டி (ஜாயிண்ட்டை மூடப் பூசும் பசை), ஒரு சுருள் காகித டேப், 6 அங்குலத்திலும் 10 அங்குலத்திலும் ஒவ்வொரு தகடு.

போர்டின் நீளவாட்டு ஓரம் லேசாகச் சரிந்திருக்கும். இரண்டு போர்டு சேருமிடத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் வரும். டேப்பும் பட்டியும் அதற்குள் அடங்க வேண்டும். நானோ கஞ்சத்தனமாக மெல்லிசாகத் தடவி, மேலே டேப்பை வைத்து இழுத்தேன். காலையில் பார்த்தால் நெடுகக் கொப்புளம். விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போகிறது. அடியில் வெறும் காற்று.

உரித்தெடுத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை தாராளமாக அப்பி, இரு ஓரமும் பட்டி பிதுங்கும் வரை டேப்பைத் தகட்டால் அழுத்தினேன். சரி, ஒட்டிக்கொண்டது. மறுநாள் சாயங்காலமே இரண்டாவது பூச்சு. ஜூன் மாத மழை, கடல் காற்று வேறு. துவைத்த லுங்கி மூன்று நாள் ஈரமாகக் கிடக்கிற வீட்டில் பட்டி மட்டும் ஒரு நாளில் காயுமா? அந்த வாரமே டேப் நெடுக மயிரிழை விரிசல்.

பாஸ் வந்து பார்த்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் புறங்கையைச் சுவரில் வைத்தார். "சில்லுனு இருக்கா? அப்ப உள்ளுக்குத் தண்ணி இருக்கு. வாளிப் பட்டி தண்ணி வத்தித்தான் காயும், இந்த மழையில எப்ப வத்துறது? தூள் வாங்கிக் கலக்குங்க தம்பி."

தூள் வகை தண்ணீரோடு வினைபுரிந்து தானாகவே இறுகிவிடும். ஈரக்காற்று அதைத் தடுப்பதில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். முதல் நாள் அரை வாளி கலந்து, பாதி கல்லாகி, வாளியோடு தூக்கிப்போட்டேன்.

பெரிய தலைவலி மேலேதான். போர்டு 8 அடி, சுவர் ஒன்பதரை அடி. மிச்சத்துக்கு வெட்டி வைத்த துண்டின் ஓரத்தில் சரிவு கிடையாது, பள்ளமும் கிடையாது. அங்கே டேப் மேடாகத்தான் நிற்கும். அதை மறைக்க இரு பக்கமும் ஒரு அடிக்கு மேல் பட்டியை இழுத்து, ஓரத்தை ஒன்றுமில்லாமல் தேய்த்துக் கரைக்க வேண்டும். பாஸ் இரண்டே இழுப்பில் முடித்தார். நான் தேய்த்த தூசு அன்ரியின் சாமி அறை வரை போனது. அப்புறம் ஈர ஸ்பாஞ்சுக்கு மாறினேன்.

விளக்கணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். என் பகுதியில் வயல் வரப்பு மாதிரி இரண்டு மேடு. பாஸ் செய்த இடம் மொழுமொழுவென்று கிடந்தது.

பெயிண்ட் அடித்த பிறகு அன்ரி இறங்கி வந்தார். "நல்ல வடிவா இருக்கு" என்றார். வரப்புகளை அவர் கவனிக்கவில்லை, நானும் காட்டவில்லை. போகிற போக்கில், மேலே தன் குசினி (சமையலறை) சீலிங்கிலும் ஒரு ஜாயிண்ட் வெடித்திருக்கிறது என்றார். ஏணி அவரிடமே இருக்கிறதாம்.