கச்சான் வேரில் காய்ப்பதில்லை

மரவள்ளி, வத்தாளை, கச்சான் (நிலக்கடலை) என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மண்ணைக் கிளறி எடுப்பதால் மூன்றும் வேரில் விளைபவை என்ற எண்ணம். கேட்கச் சின்னப் பிழைதான். ஆனால் பசளையை எங்கே போடுவது, எந்த நாளோடு மண்வெட்டியை நிறுத்துவது, கல்சியம் தரும் ஜிப்சம் எதற்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் பிழையான விடை அந்த எண்ணத்தில்தான் பிறக்கிறது. கிழக்குக் கரையில் வாகரைப் பக்கமானாலும் திருக்கோவில் பக்கமானாலும், செடி தளதளவென்று நிற்க, பிடுங்கிப் பார்த்தால் கோது மட்டும் வருகிறது என்ற முறைப்பாட்டின் அடியிலும் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

ஐம்பது நாள் செடி ஒன்றை ஓரமாகக் கிளறி மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நடுவில் ஆணிவேர், அதிலிருந்து பிரியும் பக்கவேர்கள், பக்கவேர்கள் பிரியும் இடங்களில் கடுகளவு முடிச்சுகள். இனி ஒரு பிஞ்சைப் பிடித்து, அது தொங்கும் காம்பைத் தடவிக்கொண்டே மேலே போங்கள். வேருக்குப் போகாது. மண்ணுக்கு மேலே வந்து, தண்டில், இலைக்காம்பு பிரியும் கக்கத்தில் போய் நிற்கும். அங்கே இருந்தது ஒரு பூ. இரண்டு மூன்று கிழமைக்கு முன் மஞ்சளாகப் பூத்து வாடிய பூவின் சூலகம்தான் மண்ணுக்குள் இறங்கிக் காயாகியிருக்கிறது.

விதையிலிருந்து தொடங்கலாம். நாம் கொறிக்கும் பருப்பின் இரண்டு பாதியும் இரண்டு வித்திலைகள். முதல் இலைகள் வெளிச்சம் காணும்வரை நாற்றுக்கு வேண்டிய எண்ணெயும் புரதமும் அவற்றில் இருக்கின்றன. பருப்பைப் பிளந்தால் ஒரு முனையில் சின்ன மூக்குப்போல ஒன்று ஒட்டியிருக்கும், முளையம் அதுதான். அந்த முனை நசுங்கினாலோ மேற்தோல் கிழிந்தாலோ விதை போச்சு. தோல் கிழிந்த பருப்பு மண்ணில் ஊறும்போது உள்ளிருக்கும் சத்து வெளியே கசியும், அதைத் தேடிப் பங்கசு வரும், முளைக்கு முன்னே அழுகும். அதனால்தான் விதைக் கச்சானைக் கோதோடு வைத்திருந்து, விதைப்பதற்குச் சில நாள் முன்பு கையால் உடைக்கச் சொல்வது. மெசினில் உடைத்த பருப்பு கடைக்கு நல்லது, விதைக்கு நல்லதல்ல.

வரிசைக்கு வரிசை 45 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 15 சென்ரிமீற்றர், குழிக்கு ஒரு பருப்பு. இந்த இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 60,000 குழி வரும். நூறு பருப்பு 45 கிராம் நிறுக்கும் வகையென்றால் 27 கிலோ விதை. முளைக்காமல் போவதற்கும் சேர்த்து 30 கிலோ வைத்துக்கொள்ளலாம். ஆழம் 4 முதல் 5 சென்ரிமீற்றர். கச்சான் முளைக்கும் விதம் பயறு போலவும் இல்லை, கொண்டைக்கடலை போலவும் இல்லை. வித்திலைகளுக்குக் கீழுள்ள தண்டு நீண்டு வித்திலைகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். வெளிச்சம் பட்டதும் நீள்வதை நிறுத்திவிடும். அதனால் வித்திலைகள் மண்ணின் மட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்தால் சேமிப்பு முழுவதும் அந்தத் தண்டை நீட்டுவதிலேயே செலவாகி, மெலிந்த வெளிறிய நாற்று பிந்தி வரும். வித்திலைக் கக்கத்திலிருந்து புறப்படும் முதல் இரண்டு கிளைகளும்தான், படராமல் நிமிர்ந்து வளரும் குற்றுவகைக் கச்சானில் நிறையக் காய் தருபவை, அவை மண்ணுக்கு மிக அருகே இருப்பதால். நாற்று மெலிந்தால் அந்தக் கிளைகளும் மெலியும்.

வேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முடிச்சுகளைத் தவிர. கச்சான் வேரில் மற்றப் பயிர்களைப் போல வேர்மயிர் கிடையாது என்றே சொல்லலாம். பக்கவேர் வெளியே வரும்போது உண்டாகும் வெடிப்பின் வழியாக முடிச்சை உண்டாக்கும் பற்றீரியா உள்ளே நுழைகிறது. முடிச்சுகள் சரியாகப் பக்கவேரின் கக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. இருபது, இருபத்தைந்து நாளில் ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ கபிலமோ என்றால் முடிந்துவிட்டது. இதே பற்றீரியாக்கள் கௌபியிலும் பயறிலும் வாழ்பவை. அவை விளைந்த காணியில் தனியாகப் பற்றீரியா கலக்க வேண்டியது அரிது. தொடக்கத்தில் இடும் கொஞ்ச யூரியா நாற்றுக்குத் துணை. முடிச்சு விழுந்த பிறகும் யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்கு முடிச்சு தேவைப்படாது. இலை கரும்பச்சையாகிப் பரவும், பூ பிந்தும்.

இனிப் பூ. குற்றுவகைகளில் 25 முதல் 30 நாளில் பூக்கத் தொடங்கும். விடியும்போது விரியும், வெயில் ஏறி மத்தியானம் தாண்டினால் வாடிவிடும். பயற்றம்பூவைப் பார்த்தவர்களுக்கு வடிவம் புதிதல்ல: மேலே விரிந்த ஒரு பெரிய இதழ், இரு பக்கமும் இறக்கை போல இரண்டு, நடுவில் படகுபோல மூடிய இதழ்கள். மகரந்தம் தரும் கேசரங்களும் அதை ஏற்கும் குறியும் அந்தப் படகுக்குள்தான். பூ விரிவதற்கு முன்பே மகரந்தம் உள்ளே கொட்டிக் குறியில் ஒட்டிவிடுகிறது. தேனீ வந்தாலும் வராவிட்டாலும் காய் பிடிக்கும். இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: பக்கத்துக் காணியில் வேறு வகை போட்டிருந்தாலும் உங்கள் விதை பெரும்பாலும் கலப்பதில்லை. கத்தரியில், பூசணியில் இந்த நம்பிக்கை வைக்க முடியாது.

பூக்காம்பு என்று நாம் நினைக்கும் நீண்ட மெல்லிய தண்டு உண்மையில் காம்பல்ல, குழாய். சூலகம் அந்தக் குழாயின் அடியில், இலைக்கக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. குறியில் ஒட்டிய மகரந்த மணியிலிருந்து ஒரு நுண்குழாய் முளைத்து, குறியைச் சூலகத்தோடு இணைக்கும், ஐந்து ஆறு சென்ரிமீற்றர் நீளமான தம்பத்துக்குள் இறங்கிச் சூல்வித்தை அடைய வேண்டும். சில மணி நேரத்தில் அந்தப் பயணம் முடிந்து, அன்றைய தினமே கருக்கட்டல் நடந்துவிடுகிறது. இந்த நாட்களில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகும். செடி முழுக்கப் பூ, அடியில் ஊசியில்லை என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஊசி என்று நான் சொல்வது, பூ வாடிய நான்கு முதல் ஆறு நாளில் கக்கத்திலிருந்து எட்டிப்பார்க்கும் ஊதாநிறக் கூர்முனையை. பூமியைப் பார்த்துத்தான் வளரும். சாடியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சில மணி நேரத்தில் மறுபடி கீழே வளையும். பாடசாலையில் புவித்திருப்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. நுனிக்குச் சற்றுப் பின்னால், கருக்கட்டிய சூல்வித்துகளோடு சூலகம் இருக்கிறது. முளையம் சில தடவை பிரிந்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். சூலகத்துக்குப் பின்னாலுள்ள இழையம்தான் நீண்டு நீண்டு அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இறங்கி 2 முதல் 7 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போனதும் நுனி கிடையாகத் திரும்பிப் பருக்கத் தொடங்கும்.

பருக்க இருட்டு வேண்டும். ஒரு ஊசியைக் கறுத்தத் தாள் சுற்றிய ஈரமணல் போத்தலுக்குள்ளும், இன்னொன்றை வெளிச்சம் படும் வெறும் போத்தலுக்குள்ளும் இறங்க விடுங்கள். முதலாவது பருக்கும். இரண்டாவது நீண்டுகொண்டே போய்க் காயும். மேல்கணுக்களில் பூத்தவற்றின் ஊசிகளுக்கும் இதே கதி: பதினைந்து சென்ரிமீற்றருக்கு மேல் உயரத்தில் தொடங்கியவை பெரும்பாலும் மண்ணைத் தொடுவதில்லை. பூத்த பூக்களில் ஐந்தில் ஒன்றுகூடக் காயாவதில்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மண் அணைப்பது இதற்காகத்தான், செடி விழாமல் இருக்க அல்ல. நாள் முக்கியம்: 20 முதல் 25 நாளுக்குள், கடைசிக் களை எடுப்போடு சேர்த்து, வரிசை நடுவிலிருந்து பொலபொலவென்ற மண்ணைச் செடியின் அடிக்கு இழுத்துவிட வேண்டும். இலையையும் குருத்தையும் மூடக் கூடாது. மூடினால் மண்ணுக்குள் அழுகும் இலையைப் பற்றிக்கொண்டு தண்டழுகல் வரும். தண்டின் அடியில் வெள்ளை நூல் போலப் பங்கசும் கடுகு போன்ற கபில உருண்டைகளும் தெரிந்தால் அது அந்த நோய். ஊசி இறங்கிய பிறகு மண்வெட்டி உள்ளே போகவே கூடாது. நாற்பதாம் நாளில் களை கண்ணை உறுத்தினாலும் கையால் பிடுங்குவதோடு நிறுத்துங்கள். அறுந்த ஊசி ஒட்டாது.

கச்சான் என்றால் நமது கரையில் பருப்புக்கும் பெயர், காற்றுக்கும் பெயர். மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வரும் அந்தக் காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீரில் பயிர் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழே வேருக்கு ஈரம் இருக்கும், செடி வாடாது. மேலே இரண்டு அங்குலம் காய்ந்து இறுகியிருக்கும். ஊசி அந்த இறுகிய படையைத் துளைக்க முடியாமல் மேலேயே காய்ந்து கறுக்கும். ஊசி இறங்கும் 35 முதல் 60 நாள்வரை நீர் வேருக்கு மட்டுமல்ல, மேல்மண்ணுக்கும் வேண்டும். ஆகவே நிறைய நீரைப் பல நாளுக்கு ஒருமுறை பாய்ச்சுவதைவிட, கொஞ்சத்தை அடிக்கடி பாய்ச்சுவது மேல்.

ஜிப்சம் விடயம் இங்கேதான் வருகிறது, பலர் நம்பாததும் இதைத்தான். கல்சியம் செடிக்குள் ஒரே வழியில் போகும். வேர் உறிஞ்சும் நீரோடு காழ் என்ற நீர்க்குழாய்கள் வழியாக மேலே ஏறி, நீர் ஆவியாகும் இலையில் தங்கிவிடும். இலையிலிருந்து, உணவு இறங்கும் குழாய்களான உரியம் வழியாக அது திரும்பி இறங்குவதில்லை என்றே கொள்ளலாம். மண்ணுக்குள் இருக்கும் காயில் ஆவியுயிர்ப்பு இல்லை, அதனால் வேரின் கல்சியம் அங்கே போய்ச் சேராது. காய் தன் கோதின் வழியாகத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்ச வேண்டும். சீனியும் நைதரசனும் ஊசி வழியாக இறங்கி வரும். கல்சியம் மட்டும் அந்த மேல் எட்டுச் சென்ரிமீற்றர் மண்ணில் இருந்தால்தான் உண்டு.

கரையோர வெள்ளை மணலில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். உள்ளே போனால், மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து மேட்டுநிலத்தில் நிறைய இடங்களை மண் வரைபடம் கல்சியமற்ற கபில மண் என்றே குறிக்கிறது. குறைந்தால் என்ன தெரியும்? இலையில் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்று. கோது பருத்திருக்கும், உள்ளே வெறுமை. பருப்பு இருந்தாலும் பிளந்து பார்த்தால் நடுவிலுள்ள முளைக்குருத்து கறுத்திருக்கும். அந்தப் பருப்பு முளைக்காது.

முதல் ஊசிகள் மண்ணைத் தொடும் நேரத்தில், 35 முதல் 40 நாளில், ஏக்கருக்கு 100 கிலோ ஜிப்சம். வீட்டுத் தோட்டக் கணக்கில் பத்து மீற்றர் வரிசைக்கு 110 கிராம். இலை காய்ந்திருக்கும்போது, செடியின் அடியை ஒட்டிய இருபக்க மண்ணில் தூவி, பிறகு நீர் விட வேண்டும். சுண்ணாம்பும் தொலமைற்றும் மெதுவாகக் கரைபவை, அவற்றை விதைக்குமுன் நிலம் பண்படுத்தும்போது கலந்தால் பயன், பூக்கும்போது தூவினால் இந்தப் போகத்துக்கு உதவாது. இன்னொரு பிழை அடுப்புச் சாம்பல். ஊசி இறங்கும் இடத்தில் சாம்பலையோ எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையையோ குவித்தால் அதிலுள்ள பொற்றாசியம் காய் கல்சியத்தை எடுப்பதைத் தடுக்கும். பொற்றாசியம் வேருக்குரிய சத்து. விதைக்கும்போதே கீழே போய்விட வேண்டும்.

ஊசி மண்ணுக்குள் போன பிறகும் பருப்பு முற்றப் பல கிழமை எடுக்கும். நூறு நாள் வகையில் ஐம்பதாம் நாளுக்குப் பின் பூத்தவை நமக்கு உதவப்போவதில்லை. கடைசிவரை பூத்துக்கொண்டே இருக்கிறதே, இன்னும் பத்து நாள் விடுவோம் என்று காத்திருந்தால் முதலில் முற்றிய நல்ல காய்களின் காம்பு இற்று மண்ணிலேயே தங்கிவிடும். காட்டுப்பன்றிக்குத்தான் அது விருந்து.

இலை மஞ்சளானதை வைத்து நாள் குறிக்க வேண்டாம், இலைப்புள்ளி நோயும் அதே நிறத்தைக் காட்டும். காணியின் நான்கைந்து இடங்களில் செடி பிடுங்கிக் காயை உடைத்துக் கோதின் உட்பக்கத்தைப் பாருங்கள். முற்றாத காயில் அது வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கும். முற்றியதில் கபிலமாகவோ கறுப்பாகவோ திட்டுத்திட்டாக இருக்கும். பத்துக் காயில் ஏழு அப்படியென்றால் பிடுங்கலாம். மாரியில் போட்டவர்களுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. குற்றுவகைப் பருப்புக்கு உறங்குகாலம் கிடையாது. முற்றிய பிறகு தை மாதத்து மழை ஒன்று விழுந்தால் கோதுக்குள்ளேயே முளைத்துவிடும்.

பிடுங்கிய செடியைக் காய் மேலே வரக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, பிறகு காயைப் பறித்துப் பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். தார் றோட்டிலும் சீமெந்துத் தரையிலும் மத்தியான வெயிலில் காயவிட்ட கச்சான் சாப்பிட ஆகும், விதைக்கு ஆகாது. சூட்டில் முளையம் செத்துவிடும். குலுக்கினால் கோதுக்குள் பருப்பு கலகலக்க வேண்டும், விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும், ஈரப்பதன் 8 வீதத்துக்கு இறங்கியதன் கைக்கணக்கு இது. அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பச்சை மஞ்சள் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு சேரும். ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கறையான் அரித்த காயையும் வெடித்த காயையும் சுருங்கிய பருப்பையும் மூட்டைக்கு முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள், கோழிக்கும் மாட்டுக்கும் போடாமல்.