குளிர்கால மழையில் சைக்கிள் ஓட்ட ஜாக்கெட் வாங்குகிறீர்களா? முதலில் வியர்வையை யோசியுங்கள்

மழைக்காக ஜாக்கெட் வாங்குபவர்கள் எல்லாரும் தண்ணீர் உள்ளே வருமா என்றுதான் கேட்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அந்தக் கேள்வி போதும். சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் போதாது. மிதிக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மீதி எல்லாம் வெப்பமாகத்தான் வருகிறது. 150 வாட் அளவுக்கு நிதானமாக மிதித்தாலே 450 வாட்டுக்குக் குறையாத வெப்பம். வெளியே 5 டிகிரி குளிராக இருந்தாலும் ஒரு மேடு ஏறி முடிப்பதற்குள் முதுகு நனைந்துவிடும், அந்த ஈரம் ஜாக்கெட்டின் சில்லென்ற உள்பக்கத்தில் பட்டுத் துளித்துளியாகப் படியும், அப்புறம் இறக்கத்தில் காற்று அடிக்கும்போது பல் கிட்டித்துப்போகும். "புது ஜாக்கெட், அதுக்குள்ள ஒழுகுது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு ஒழுகியது மழை கிடையாது, சொந்த வியர்வை.

அதனால் என் முதல் யோசனை: பஞ்சு வைத்துத் தைத்த தடிமனான மழை ஜாக்கெட்டை வாங்காதீர்கள். பார்த்தாலே கதகதப்பாக இருக்கும், ஆசை வரும், ஆனால் ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவித்துவிடும், கழற்றவும் முடியாது, ஏனென்றால் மழை பெய்கிறது. வெளியே மெல்லிய நீர்புகா ஜாக்கெட், உள்ளே உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், ரொம்பக் குளிர்ந்தால் நடுவில் ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் அன்றைய குளிருக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். பருத்தி மட்டும் உள்ளே வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

அட்டையில் போட்டிருக்கும் எண்களுக்கு வருவோம். 10,000 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். மழைக்கு அது போதும், 20,000 இருந்தால் தோள்பட்டை, முழங்கை மாதிரி அழுத்தம் விழும் இடங்களில் கூடுதல் நிம்மதி. இரண்டாவது எண் கிராமில் இருக்கும்: ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவி வெளியேறும் என்பது. 20,000 கிராம் என்றால் மணிக்கு 800 கிராமுக்கு மேல் ஆகிறது, கேட்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் அது ஆய்வகக் கணக்கு, சோதனை முறையும் ஆளுக்கொன்று, அதனால் இரண்டு கம்பெனிகளின் எண்களை அருகருகே வைத்து முடிவெடுக்க முடியாது. அந்த எண்ணைவிட நான் நம்புவது ஜிப்பைத்தான். அக்குளுக்குக் கீழே திறக்கிற ஜிப் இருக்கிறதா, முன்ஜிப் கீழிருந்தும் திறக்குமா, தடித்த கையுறையோடு இழுக்க முடிகிறதா? எந்தத் துணியும் வெளியேற்றாத அளவு ஆவியைத் திறந்த ஜிப் வெளியேற்றிவிடும்.

துணியைப் பற்றியும் கொஞ்சம். 1969ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நுண்துளைகள் நிறைந்த படலமாக்கினார், மழை ஜாக்கெட்டுகளில் பார்க்கிற கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாத் துணி அதிலிருந்து வந்ததுதான். நீராவி புகுந்து போகும், நீர்த்துளி புக முடியாது. இந்தப் படலம் ஜாக்கெட்டின் நடுவில் இருக்கும், மேல்துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். பூச்சு தேய்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்துவிடும், படலம் ஓட்டை இல்லாமல் நன்றாகவே இருந்தாலும் ஆவி வெளியே போக வழியில்லை, உள்ளே சொதசொதவென்று ஆகிவிடும். கையில் இருக்கும் ஜாக்கெட்டை இப்போதே பாருங்கள், தோளில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடினால் நல்லது. கருப்பாகப் பரவினால் பூச்சு போய்விட்டது. தூக்கிப் போட வேண்டாம்: துணி மிருதுவாக்கி கலக்காத சோப்பில் ஜிப்பை மூடித் துவைத்து, நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் உலர்த்தினால் பூச்சு பெரும்பாலும் திரும்ப வேலை செய்யும். இல்லையென்றால் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம். பழைய பூச்சுகளில் இருந்த பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் இப்போது கைவிடப்பட்டு வருகின்றன, ஃப்ரான்ஸில் 2026 ஜனவரி முதல் ஆடைகளில் தடையே வந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் புதுப் பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கை விரட்டாது, அதனால் அடிக்கடி துவைத்தே ஆக வேண்டும்.

தினமும் ஓட்டுகிறவர் மூன்றடுக்குத் துணி வாங்குவது நல்லது: மேல்துணி, படலம், உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியது. உள்துணிக்குப் பதில் மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும் இரண்டரை அடுக்கு மடித்துப் பையில் வைக்க வசதி, ஆனால் வெறும் தோலில் பிசுபிசுவென ஒட்டும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தையல்களையும் பாருங்கள். ஊசி குத்திய ஓட்டைகள் எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும், தோளில் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதை விட்டிருந்தால் அது தூறலுக்குத்தான்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்காதீர்கள். உள்ளே போடப்போகும் ஃப்ளீஸையும் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து கையை நீட்டுங்கள். மணிக்கட்டு தெரிந்தால் கை நீளம் போதாது, இடுப்பு தெரிந்தால் பின்பக்கம் போதாது, வயிற்றில் துணி மூட்டையாகச் சேர்ந்தால் முன்பக்கம் அதிகம். ஓட்டும்போது கை முன்னால் சரிந்து இருப்பதால் தண்ணீர் தோளிலிருந்து விரலை நோக்கி ஓடும். கையுறை சட்டைக்கைக்கு மேலே இருந்தால் அத்தனையும் நேராகக் கையுறைக்குள் இறங்கும், எனவே ஜாக்கெட்டின் கைப்பட்டை கையுறையை மூடுகிற அளவு அகலமாக விரிய வேண்டும். ஜாக்கெட்டோடு சேர்ந்த தொப்பி (ஹூட்) தேவையா என்றால், ஹெல்மெட்டுக்கு உள்ளே அடங்குகிறதாகவும் தலையோடு சேர்ந்து திரும்புகிறதாகவும் இருந்தால் மட்டும். பக்கவாட்டில் வருகிற வண்டியை மறைக்கிற தொப்பி ஆபத்து.

ஒளி பிரதிபலிக்கும் பட்டை முதுகில் மட்டும் இருந்து நீங்கள் முதுகுப்பையும் மாட்டினால் அது யார் கண்ணிலும் படாது, ஜாக்கெட்டின் கைப்பகுதியிலும் பட்டை இருக்கட்டும். பையின் வார் தோளில் உரசிப் பூச்சைத் தேய்க்கும், முதலில் நனைவதும் அந்த இடம்தான். பையை கேரியரில் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுகிற வேலைக்கு இவ்வளவும் வேண்டாம். கீழே திறந்திருக்கிற சைக்கிள் போஞ்சோ போதும், காற்று தாராளமாக வரும், தொடையும் நனையாது. காற்று பலமாக வீசும் பாதையில் மட்டும் அது பாய்மரம் மாதிரி இழுக்கும்.

அப்புறம், மட்கார்டு. சைக்கிளில் அது இல்லையென்றால் ஜாக்கெட் வாங்கும் முன் அதை மாட்டுங்கள், மழை நின்ற பிறகும் பின்சக்கரம் ரோட்டுத் தண்ணீரையும் சேற்றையும் முதுகில் அடித்துக்கொண்டேதான் இருக்கும்.