"நடங்க" என்றால் எவ்வளவு?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் முடித்தோ வீடு திரும்புகிறவரிடம் கடைசியாகச் சொல்வது, "தினமும் நடங்க". மாத்திரைக்கு மில்லிகிராம் வரை எழுதித் தருகிறார்கள். நடைக்குப் பெரும்பாலும் அளவே கிடையாது. அதனால் ஒருவர் பயந்து கட்டிலோடு கிடக்கிறார். இன்னொருவர் மூன்றாவது வாரமே வேண்டுதல் என்று வள்ளிமலைப் படி ஏறுகிறார். இரண்டும் தப்பு.

மேற்பார்வையில் செய்யும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வழக்கமான கணக்கு வாரம் மூன்று நாள், 12 வாரம், மொத்தம் 36 முறை. வேலூர் டவுனில் இருப்பவருக்குச் சரி. பேரணாம்பட்டிலிருந்தோ அணைக்கட்டு மலைக் கிராமத்திலிருந்தோ, துணைக்கு ஒருவர் கூலியை விட்டுவிட்டு, வாரம் மூன்று தடவை பஸ் ஏறி வர யாரால் முடியும்? ஒன்றிரண்டு தடவை நேரில் போய் அளவு வாங்கிக்கொண்டு, மீதியை ஊரிலேயே செய்வதுதான் நடக்கிற காரியம். கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: இதயத்தின் பம்பிங் சதவீதம், ஆறு நிமிட நடைச் சோதனையில் கடந்த மீட்டர், நாடித்துடிப்பு எதுவரை போகலாம் என்பது. பம்பிங் 40-க்குக் கீழே என்றாலோ, அடைப்பு மிச்சம் இருந்தாலோ, கீழே உள்ள கணக்கு உங்களுக்கு இல்லை.

சிக்கல் இல்லாதவர் முதல் வாரம் சமதரையில் காலை, மாலை ஐந்தைந்து நிமிடம். பிறகு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் அரைமணி வந்துவிடும். ஏரிக்கரை நல்லது, பாலாற்று மணல் வேண்டாம், மணலில் அதே தூரத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது, அதை மட்டும் நம்பக் கூடாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கத்திரி வெயிலில் விடிந்ததும் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரையும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் பிரஷர் இறங்கிவிடும்.

பைபாஸ் ஆனவருக்கு நெஞ்செலும்பு நன்றாகக் கூட 12 வாரம் வரை ஆகும். தண்ணீர்க் குடம், அடிபம்பு, பைக் எல்லாம் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான். எழும்போது ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு எழுந்திருங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

நடையில் நெஞ்சு இறுகினால் உட்கார்ந்து, எழுதித் தந்திருந்தால் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட் 5 மி.கி. நாக்குக்கு அடியில். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. வயாக்ரா வகை மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட் கூடவே கூடாது, பிரஷர் ஆபத்தாக இறங்கும். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் அது சதை இல்லை, நீர். கருவாட்டு உப்பும் ஊறுகாய் உப்பும் அங்கேதான் வேலையைக் காட்டும்.

அதிகம் தவறுவது மாத்திரையில்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதுதான் எல்லாம் என்று நினைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலை விட்டுவிடுகிறார்கள். பொட்டலத்தை டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மறுபடி அட்டாக்.

இன்னொன்று, ஈசிஜி தாளை லேமினேட் செய்யாதீர்கள். அது சூட்டில் கறுக்கிற தாள், மொத்தமும் கறுப்பாகிவிடும். சும்மா வைத்திருந்தாலும் கோடு மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் வையுங்கள். ராத்திரி நெஞ்சுவலி என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், புது ஈசிஜியை ஒப்பிட்டுப் பார்க்க அங்குள்ள டாக்டர் கேட்பது அந்தப் பழைய தாளைத்தான்.