முதல் பந்துக்குப் பிறகு பெயர் யாருக்குச் சொந்தம்?

இணையத்தில் நடக்கும் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்குகளில் இரண்டு வகை உண்டு. வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக்கில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் அடிக்கும் ஹோம் ரன்களையும் பந்து வீசி அடிப்பவரை வெளியேற்றி எடுக்கும் ஸ்டிரைக்அவுட்களையும் கூட்டிப் புள்ளி கணக்கிடுவது முதல் வகை. 1980இல் டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரொட்டிசரி லீக்கின் வழிவந்தது அது. அங்கே பெயர் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் வகையில், அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் போன்ற ஒரு கணினி விளையாட்டு லீக் முழுவதையும் கற்பனையாகவே உருவாக்குகிறது. ஒவ்வோர் ஆண்டும், அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் இளம் ஆட்டக்காரர்களை அந்த நிரலே உண்டாக்கி, பிறந்த நாட்டுக்குப் பொருந்தும் பட்டியலிலிருந்து ஒரு முதற்பெயரையும் ஒரு குடும்பப்பெயரையும் எடுத்து ஒட்டிவிடும். அணிகளை நடத்துவதோ வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மனிதர்கள்; அவர்களைத்தான் உரிமையாளர்கள் என்கிறோம். டிராஃப்டில் எடுத்தவனுக்கு உரிமையாளர் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாமா என்ற சச்சரவு இந்த வகை லீக்குகளில்தான் ஓயாமல் எழுகிறது. ஆட்டக்காரன் லீக்கில் தன் முதல் ஆட்டத்தை ஆடும் வரை சூட்டலாம், அதன்பின் கூடாது என்பது என் கருத்து.

பெயர் மாற்ற உரிமை கேட்பவர்களின் வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அவனைத் தேடி எடுத்ததும், இளையவர்கள் பயிலும் கீழ்மட்ட மைனர் லீக்கில் பொறுமையாக வளர்த்ததும் நாங்கள்தானே, கணினி குலுக்கிப் போட்ட பெயருக்கு என்ன புனிதம் என்று அவர்கள் கேட்கிறார்கள். புனிதம் எதுவும் இல்லைதான். ஆனால், குலுக்கலில் விழுந்த பெயர்களுக்கு யாரும் யோசித்து வைக்க முடியாத ஒரு களை இருக்கிறது. 1990களில் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்த ஃபைட்டிங் பேஸ்பால் என்ற ஜப்பானிய விளையாட்டில், நிஜப் பெயர்களைப் பயன்படுத்த உரிமம் இல்லாததால், அமெரிக்கப் பெயர்கள்போல் ஒலிக்கும் பெயர்களை அவர்களே புனைந்தார்கள். ஸ்லீவ் மெக்டைக்கேல், பாப்சன் டக்நட் என்று அதில் வரும் பெயர்களை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2020இல் வந்த பிளேஸ்பால் என்ற இணைய விளையாட்டில் ஜெசிக்கா டெலிஃபோன் என்ற விசித்திரப் பெயர் கொண்ட ஆட்டக்காரரைச் சுற்றி ரசிகர்கள் எத்தனையோ கதைகளும் ஓவியங்களும் படைத்தார்கள். அவற்றை ஒழுங்கான பெயர்களாக யாராவது திருத்தியிருந்தால் அந்தப் பிரியம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இருந்தாலும் என் முக்கியமான காரணம் அழகு பற்றியது அல்ல, பதிவேடு பற்றியது. நிஜ பேஸ்பாலிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2007 அக்டோபர் 5 அன்று கிளீவ்லாந்தில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் (பருவ இறுதிச் சுற்று) ஆட்டத்தின் நடுவே ஈரி ஏரிப் பக்கமிருந்து பூச்சிகள் திரளாக வந்து மைதானத்தை மொய்த்தன. யாங்கீஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாபா சேம்பர்லெய்ன் நிலைகுலைந்து, பிடிப்பவர் கைக்கு எட்டாத வைல்ட் பிட்ச் வீசி ரன்னை விட்டுக்கொடுத்தார். கிளீவ்லாந்தின் ஃபாஸ்டோ கார்மோனாவோ கழுத்திலும் தொப்பியிலும் பூச்சிகள் அப்பியிருக்க, அவற்றைத் தட்டிவிடக்கூட மெனக்கெடாமல் 9 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன்னை மட்டும் கொடுத்தார். 2012 ஜனவரியில் டொமினிக்கன் குடியரசில் அவர் கைதானபோதுதான், அந்தப் பெயர் அவருடையதல்ல, அவர் உண்மையில் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், வயதும் 3 ஆண்டுகள் கூடுதல் என்பது வெளியானது. அதற்குப்பின் பழைய வெற்றிகளும் புதிய பெயரின் கீழ் வந்துவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2007இல் கிளீவ்லாந்து அணியில் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ் என்ற பெயரிலேயே மூத்த ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வருபவர்) ஒருவரும் சில காலம் இருந்தார். ஆகவே அந்த ஆண்டின் பட்டியலை இன்று பார்ப்பவருக்கு ஒரே அணியில் இரண்டு ஹெர்னாண்டஸ்கள் தென்படுவார்கள். பூச்சிகளுக்கு நடுவே நின்றவராக ரசிகர் நினைவில் இருக்கும் கார்மோனா மட்டும் தென்படமாட்டார்.

அங்கே உண்மை வெளிவந்ததால் அப்படிச் செய்யவேண்டியிருந்தது. மேஜர் லீக் ஆட்டக்காரர் மைக் ஸ்டான்டன் 2012 முதல் ஜான்கார்லோ என்று அழைக்கப்பட விரும்பியபோது, அது அவருடைய சொந்தப் பெயர், கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. நம் லீக்கின் ஆட்டக்காரனுக்கு வாய் இல்லை. அவன் சார்பில் பேசுகிறவர் அவனுடைய ஒப்பந்தத்தை மட்டுமே வைத்திருப்பவர். அந்த ஒப்பந்தமும் அணிகளுக்கு இடையே நடக்கும் அடுத்த டிரேடில் (பரிமாற்றத்தில்) கைமாறிவிடும். நான் ஆடும் லீக்கில், வெனிசுவேலாவில் பிறந்ததாக நிரல் குறித்திருந்த இடக்கை பிட்சர் ஒருவனுக்கு உரிமையாளர் தம் நாயின் பெயரைச் சூட்டினார். இரண்டு பருவங்கள் கழித்து அவனை டிரேடில் வாங்கியவரின் பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டப் புள்ளி அட்டையில்) அந்த நாய்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்டிரைக்அவுட் எடுத்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிரல் உள்ளுக்குள் எண்ணால் அடையாளம் காண்பதால் கணக்கு ஒன்றும் கெடுவதில்லை. ஆனால் பழைய ஆட்ட அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் மற்ற உரிமையாளர்கள் பெயரை வைத்துத்தானே தேடுவார்கள்?

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஒரே பெயரில் இருவர் ஒரே டிவிஷனில் ஆடினால் ஒருவருக்கு நடுப்பெயரைச் சேர்ப்பதில் தவறில்லை. உரிமையாளர் சூட்டிய பெயர் நிஜ மனிதர் ஒருவரைக் கேலி செய்வதாகவோ, சக உரிமையாளரைச் சீண்டுவதாகவோ இருந்தால் லீக்கை நிர்வகிக்கும் கமிஷனர் எந்தக் கட்டத்திலும் அதை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். இவை தவிர மற்ற ஆசைகளுக்குப் பட்டப்பெயர் போதும். அவுட் ஆஃப் தி பார்க்கில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. இயற்பெயரைத் தொடாமல் எதை வேண்டுமானாலும் அங்கே எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் கமிஷனருக்கு நான் எழுதி அனுப்பிய விதி இதுதான்: டிராஃப்ட் ஒன்றுக்கு ஓர் அணி ஒருவனுக்கு மட்டும் பெயர் சூட்டலாம்; பிறந்த நாட்டோடு அந்தப் பெயர் பொருந்த வேண்டும்; லீக்கில் முதல் ஆட்டம் ஆடியபின் பெயர் பூட்டப்படும். விலகிப்போன உரிமையாளரின் அணியை ஏற்க வருபவர்கள் அவர் சூட்டிய பெயர்களையெல்லாம் துடைத்துவிட வேண்டும் என்று கேட்பது வழக்கம். அவர்களுக்கும் இதே விதிதான். அந்த இடக்கை பிட்சரின் பெயரும் மாறாது. அவன் ஏற்கெனவே நிறைய ஆடிவிட்டான்.